ராக்கம்மாவுக்கு வாசித்துக் காட்டியது

அம்மாவின் வீட்டை என் பெயருக்கு மாற்றும் வேலையாகப் போன செவ்வாய்க்கிழமை ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் வயதான ஓர் அம்மாள். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று கூட வந்த மகன் சொன்னதும், அங்கிருந்த பெண் இழுப்பறையிலிருந்து மை டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். அந்த நீல மையின் வாடை அறை முழுக்கப் பரவிவிட்டது. குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் அது லேசில் போகாது. நீ போய் மூன்று வருடமாகிறது. உன் கைப்பை எப்போதும் இப்படித்தான் மணக்கும்.

அந்த அம்மாளின் பெருவிரலைப் பிடித்து ஆறு இடத்தில் ஒற்றினார்கள். பத்திரம் முழுக்க ஆங்கிலம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டாய். எழுந்துபோய், முதலில் அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று வம்புக்கு நின்றிருப்பாய். நான் என் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், திருத்தித் தர நீ இல்லை.

நீ வேலை செய்த விதத்தை முதன்முதலில் நான் பார்த்தது செமோரில், அந்த ஐந்து மாடி மலிவு விலை அடுக்கு வீட்டில். ரப்பர்த் தோட்டத்தை விற்று வீடமைப்புக்குக் கொடுத்த பிறகு, லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பாதிப்பேர் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தக் கித்தாத் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்த பெண்களைப் பற்றித்தான் உன் முனைவர் பட்ட ஆய்வு. பதினேழு பெண்கள். முதுகில் மருந்துக் கலனான தோம்பைச் சுமந்து, கையுறையும் முகமூடியும் இல்லாமல் வருடக்கணக்கில் அடித்தவர்கள். அவர்கள் சொன்னதை எல்லோரையும் போல நீயும் ஒலிப்பதிவு செய்தாய், எழுதினாய். மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீ எழுதியதை எடுத்துக்கொண்டு திரும்பவும் படி ஏறுவாய். ஒவ்வொருத்தி எதிரிலும் உட்கார்ந்து, அவள் சொன்ன பக்கத்தை அவளுக்கே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுவாய். "ஆமா, இதான் நான் சொன்னது" என்று அவள் சொன்ன பிறகுதான் கைப்பையைத் திறந்து மை டப்பாவை எடுப்பாய். பக்கத்தின் அடியில் கைநாட்டு. நம் கல்லூரி கேட்டது ஆளுக்கு ஒரு சம்மதப் படிவம், ஒரே ஒரு தடவை. உனக்குப் பக்கத்துக்குப் பக்கம் வேண்டும்.

அன்று நான் இடையில் புகுந்து ஏதோ கேட்கப்போனேன். "சிலோன்காரி, நீ பேசாம உக்காந்து கேளு, அது போதும்" என்றாய். அந்தப் பதினேழு பேரில் ஒருவரான ராக்கம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நாம் இரண்டு பேரும் ஒரே வருடம் அந்தக் கல்லூரியில் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தவர்கள் என்றாலும், வந்த வழி வேறு. என் அப்பா ரயில்வேயில் அதிகாரி. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் ஆங்கிலம், கோயிலுக்குப் போனால் யாழ்ப்பாணத் தமிழ். நீ தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் கற்று, அப்புறம் மலாயிலேயே மேலே ஏறி வந்தவள். எனக்கு ஆங்கிலம் எப்போது வந்தது என்றே நினைவில்லை. நீ ஒவ்வொரு மொழியையும் எந்த வயதில், எந்த வாத்தியாரிடம், எத்தனை அடி வாங்கிக் கற்றாய் என்று சொல்லக்கூடியவள். இந்த வித்தியாசம் எனக்குப் புரிந்திருந்தால் பின்னால் நடந்த பலதும் நடந்திருக்காது.

நீ ஆய்வில் சேர்ந்தபோது நம் தமிழ்ப் பிரிவில் ஆய்வேட்டைத் தமிழிலேயே எழுதலாம் என்றிருந்தது. இரண்டு இயல் முடித்துவிட்டாய். அந்த நேரம் பார்த்து கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழ்ப் பிரிவைப் பெரிய புலம் ஒன்றோடு சேர்த்தார்கள். இனி ஆய்வேடு மலாயில் இருக்க வேண்டும், தமிழில் இருந்தால் புலத்தில் யார் படித்துப் பார்ப்பது என்றார்கள். நான்தான் கொதித்தேன். நீ தோளைக் குலுக்கிவிட்டு, மலாய் நம்ம நாட்டு மொழி, நாம் படித்ததே அதில்தானே என்று எழுத உட்கார்ந்துவிட்டாய். ஒன்றரை வருடம் ஆனது.

மலாயில் எழுதியதையும் நீ கொண்டுபோய் வாசித்துக் காட்டினாயே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏட்டு மலாயை அங்கேயே சந்தை மலாயாக்கிச் சொன்னாய். ராக்கம்மா அக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "நாந்தான் பேசுறேன், ஆனா பாசார்ல மீன் வாங்குற மாதிரி பேசுறேன்லா" என்றார். சிரித்த கையோடு ஒரு திருத்தமும் சொன்னார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்தே தரவில்லை என்று நீ எழுதியிருந்தாய். தந்தார், வெள்ளை மாத்திரை, அது கேட்கவில்லை என்றுதான் தான் சொன்னதாக அக்கா சொன்னார். நீ அங்கேயே உட்கார்ந்து வரியை மாற்றி, திரும்ப வாசித்து, கைநாட்டு வாங்கினாய். செத்துப்போன ஒரு டிரெசருக்காக எதற்கு இவ்வளவு சிரமம் என்று காரில் வரும்போது கேட்டேன். நாளைக்கு அவர் பிள்ளைகள் படிக்கலாமே என்றாய்.

மலாய்ப் படி ஒப்படைக்கும் தறுவாயில் இருந்தபோதுதான் அந்தக் கூட்டம். புதிய துணைவேந்தர், புதிய திட்டம். உலகத் தரவரிசை, வெளிநாட்டுத் தேர்வாளர், வெளிநாட்டு மாணவர். முதுநிலை ஆய்வு முழுவதும் இனி ஆங்கிலத்தில், ஒப்படைக்காதவர்களுக்கும் இது பொருந்தும். அந்தக் குழுவில் நான் இருந்தேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. தேநீரும் கறிப்பஃப்பும் வந்தன. ஏற்கெனவே எழுதி முடித்தவர்களை விட்டுவிடலாமே என்று ஒரு மலாய்ப் பேராசிரியர் கேட்டார். உனக்காக உன் தோழி கேட்க வேண்டியதை அவர் கேட்டார். நானோ, மொழிபெயர்ப்புதானே, உதவி செய்துவிடலாம், ஆங்கிலத்தில் இருந்தால் நம் மாணவர்களுக்குத்தான் நல்லது என்று பேசினேன். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். மனமாரத்தான் தூக்கினேன். இதுவரை உன்னிடம் நான் சொல்லாமல் மறைத்தது இது ஒன்றுதான்.

உனக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். பட்டம் இல்லாவிட்டால் உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்பதும் கடிதத்திலேயே இருந்தது. நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று உன் தலையில் கட்டினேன். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் முகம் அப்போதே கொஞ்சம் வீங்கியிருந்தது. தூக்கமில்லை என்றாய், நானும் நம்பினேன்.

ராக்கம்மா அக்கா தன் முதல் குழந்தையைப் பற்றிச் சொன்ன இடம் உனக்கு மறந்திருக்காது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, பகல் முழுக்க மருந்தடித்துவிட்டு வருவார். கையை எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது. அவர் சொன்னதை நீ எழுதியிருந்தபடியே எழுதுகிறேன். "புள்ளைக்கு மருந்து வாட பட்டுருமோன்னு பயம். நெஞ்சில போட்டுக்க மாட்டேன். முட்டியில துணிய விரிச்சு அதுமேல போட்டுத்தான் பால் குடுப்பேன். அது மூஞ்சிய என் பக்கம் திருப்பித் திருப்பிப் பாக்கும். நான் அந்தாண்ட பாத்துக்குவேன்." இதை நான் ஆங்கிலத்தில் என்ன செய்தேன் தெரியுமா? மாசு பற்றிய அச்சத்தின் காரணமாகப் பதிலளித்தவர் சிசுவுடனான உடல் தொடர்பைக் குறைத்துக்கொண்டார் என்று எழுதினேன். வெளிநாட்டுத் தேர்வாளர் முகம் சுளிக்காத நடை. ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

சிற்றுண்டிச் சாலையில் அந்த இயலை உன்னிடம் கொடுத்தேன். நீ தேநீர் ஆறும்வரை படித்தாய். பிறகு காகிதங்களைச் சேர்த்துத் தட்டி என் பக்கம் நகர்த்தினாய்.

"நீ எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா இதுக்கு நான் அக்காகிட்ட கைநாட்டு கேக்க முடியாதுலா."

கைநாட்டு யார் கேட்டார்கள் என்று நான் சத்தம் போட்டேன். தேர்வாளர் கேட்கவில்லை, புலம் கேட்கவில்லை, விதியில் இல்லை. வேலை போய்விடும், வீட்டு வாடகைக்கு என்ன செய்வாய், மண்டையில் எதுவும் ஏறாதா என்றெல்லாம் கேட்டேன். பக்கத்து மேசை மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ கோபப்படவில்லை. நீயே ஆங்கிலத்தில் எழுதிப் பார்ப்பதாகவும், அக்காவுக்கு வாசித்துச் சொல்லும்படி வந்தால் கொடுப்பதாகவும் சொன்னாய். வரவில்லையென்றால் என்று கேட்டேன். வராவிட்டால் இல்லை என்றாய். அவ்வளவு எளிதாகச் சொன்னதுதான் என்னை எரித்தது. எனக்கு முதுகைக் காட்டிப் போகும்போது உன் கணுக்கால் இரண்டும் செருப்பு வாரைப் பிதுக்கிக்கொண்டு வீங்கியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், கோபத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்பு. ஒரு கையில் ஊசி ஏறியிருக்க, மறு கையால் நீ ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாய். நான் பார்க்க வந்தபோதெல்லாம் எட்டு வரி, பத்து வரி இருக்கும். அடித்துத் திருத்தியது அதைவிட அதிகம். நல்ல வரிகள் அவை, பள்ளிப்பிள்ளை எழுதியது போல நேராக இருந்தன. இவை தேர்வாளரிடம் எடுபடாது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஒரு நாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"மூணு பாஷையில எழுதிட்டேன். மூணுலயும் நான் இன்னும் படிச்சு முடிக்காதவதான்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, சொல்லும்படி ஒன்றும் இருந்திருக்காது. கெடு முடிந்தது. உன் பெயர் ஆய்வாளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்ற கடிதம் வந்த மாதமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீ போய்விட்டாய். இடுகாட்டுக்கு அந்தப் பதினேழு பேரில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நானும் ஓர் ஓட்டுநரும்.

இனிச் சொல்லப்போவதை நீ மன்னிக்க மாட்டாய். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

நீ இறந்த சில மாதத்தில் புலத்தில் ஒரு யோசனை வந்தது. யாராவது ஆங்கிலப் படியை முடித்துக் கொடுத்தால், மறைந்தவருக்குப் பட்டம் வழங்கலாம் என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். உன் தங்கை கேட்டு அழுதாள். உங்கள் குடும்பத்தில் முதல் முனைவர் பட்டம், அதை அம்மா சாவதற்குள் பார்க்க வேண்டும் என்றாள். நான் நான்கு மாதத்தில் முடித்துவிட்டேன். நீ கட்டிலில் எழுதிய நேரான வரிகளையெல்லாம் எடுத்துவிட்டேன். தேர்வாளர் பாராட்டி எழுதியிருந்தார், மொழி நடை தெளிவாக இருக்கிறதாம். பட்டமளிப்பு விழாவில் உன் தங்கை மேடையேறி வாங்கிக்கொண்டாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நீ கொடுக்க மாட்டேன் என்று உயிரை விட்ட ஒன்றை, உன் பெயரைப் போட்டு நான் கொடுத்துவிட்டேன். நூலகத்தில் இருக்கிறது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து.

கட்டிய புத்தகத்தோடு செமோருக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே, எனக்கே சரியாகத் தெரியவில்லை. மின்தூக்கி வேலை செய்யவில்லை, நான்கு மாடி ஏறினேன். ராக்கம்மா அக்காவின் கண் இப்போது மங்கிவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். கனமாக இருக்கிறதே என்றார். பிறகு, "அவ வாசிக்கிற மாதிரி வாசிச்சுக் காட்டும்மா" என்றார்.

குழந்தையைப் பற்றிய அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழாக்கிச் சொன்னேன். சிசு, உடல் தொடர்பு, அச்சம். இடையில் நீ எழுதிவைத்த அக்காவின் சொற்களைப் போட்டுச் சமாளித்திருக்கலாம். அவை எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் புத்தகத்தில் அவை இல்லை. இல்லாததை இருப்பதாக வாசிக்க அன்றைக்கு மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்," என்றார். "யாரும்மா இந்தப் பொம்பள?"

நீங்கள்தான் அக்கா என்றேன். அவர் என் முகம் இருந்த திசையைப் பார்த்தார். மறுக்கவில்லை. படித்தவள் மாடியேறி வந்து சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார். வலது கைப் பெருவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். வேண்டாம் அக்கா, புத்தகம் எப்போதோ கட்டி முடித்துவிட்டார்கள், இனிக் கைநாட்டு தேவையில்லை என்றேன்.

"அப்ப எதுக்கும்மா வாசிச்ச?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். எனக்குக் காப்பி கலக்கச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார். குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை.

இப்போது ஆய்வு மாணவர்களை நான்தான் நேர்காணல் செய்கிறேன். உன் இடம் காலியான வருடமே என்னை உயர்த்தினார்கள். வருகிற பிள்ளைகளில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்கள் யார் என்று வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். சொல்ல வேண்டியதை உள்ளே ஒரு தடவை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் மாறும் என்று முன்பு நம்பினேன். இன்னொரு துணைவேந்தர் வருவார், இன்னொரு சுற்றறிக்கை வரும், மறுபடி மலாய் என்பார்கள், ஏன், சீனம் என்றுகூடச் சொல்வார்கள். எது வந்தாலும் செமோர் மாடியில் இருப்பவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லப்போவதில்லை.

நேற்று ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். படகுத்துறையில் இறால் உரிக்கும் பெண்களிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறாள், அத்தனையும் தமிழில். கண்ணில் உன்னிடம் இருந்த அந்த வெளிச்சம். எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டாள். முதலிலிருந்தே ஆங்கிலத்தில் எழுது, பிறகு மாற்ற வேண்டி வராது என்றேன். குறித்துக்கொண்டாள். கிளம்பும்போது கதவருகே நின்று, "எழுதி முடிச்சதும் அவங்ககிட்ட கொண்டுபோய்க் காட்டணுமா, டாக்டர்?" என்று கேட்டாள்.

விதியில் அப்படி எதுவும் இல்லை என்றேன்.

அவளுக்கு நிம்மதி. நன்றி சொல்லிவிட்டுப் போனாள். குறித்த காலத்தில் முடித்துவிடுவாள், வேலையும் கிடைக்கும், வீங்கிய காலோடு அலைய மாட்டாள். நீ பக்கத்துக்குப் பக்கம் எப்படி வாசிப்பாய், எங்கே நிறுத்துவாய், அக்கா இல்லை என்று சொன்னால் எப்படித் திருத்துவாய், எல்லாம் எனக்குத் தெரியும். இந்தக் கட்டடத்தில் அது தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். யாருக்கும் சொல்லித்தராமல் வைத்திருக்கிறேன்.